மூன்றாம் முறை கூப்பிட்டால்

வேற்றுக்கிரகத்துக்காரர்களை மைக் செட் வைத்துக் கூப்பிட்ட கிறுக்கன் இந்தப் பூமியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில், மொட்டை மாடியில், உச்சி வெயிலில், தலையில் ஈரத்துண்டோடு.

ஆடித் தபசுத் திருவிழா முடிந்து குழாய் ஸ்பீக்கர்களைக் கழற்றிக்கொண்டுவந்து போட்டிருந்த மறுநாள் அது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வானத்தில் எண்ண முடியாத நட்சத்திரம் இருக்கிறது, அதையெல்லாம் சுற்றிக் கிரகங்கள் இருக்கின்றன, அப்படியிருந்தும் ஒருத்தர்கூட இதுவரை நம்மைக் கூப்பிடவில்லையே, ஏன் என்று ஒருவர் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவர்கள் கூப்பிடாவிட்டால் என்ன, நாம் கூப்பிடக் கூடாதா? மைக் செட் வாடகைக்கு விட்டு ஊரைக் கூப்பிடுவதுதானே நமக்குத் தொழில்.

நாலு குழாயை மல்லாக்க வைத்து வானத்தைப் பார்க்கத் திருப்பினேன். ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகினேன். "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்..." பிறகு முறைப்படி அழைத்தேன். எங்கே இருந்தாலும் புறப்பட்டுச் சங்கரன்கோவிலுக்கு வந்து சேரவும். ராஜபாளையம் வழியாக வருகிறவர்கள் வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறிவிட வேண்டாம், அது தென்காசிக்குப் போய்விடும். கடைப் பெயர், என் பெயர், செல்போன் நம்பர், பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி நடந்து வர வேண்டும் என்கிற விவரம், எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாடு நம் வீட்டில் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

காற்று இல்லாத இடத்தில் சத்தம் போகாது என்பது பள்ளிக்கூடத்துப் பாடமாம். அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு நான் வகுப்பில்தான் இருந்தேன். அதுதான் இன்னும் கேவலம்.

இரண்டாவது தடவை முகவரியைச் சொல்ல ஆரம்பித்தபோது மைக் செத்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்துக் கடை அண்ணாச்சி, பிடுங்கின பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன் என்று வையப்போகிறார் என்று நினைத்தேன்.

"கூப்பிட்டதுகூடப் போட்டும்வே," என்றார். "அட்ரஸை எதுக்குக் குடுத்தீர்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வானத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பார்த்தார். என் சிரிப்பு தன்னால் நின்றது.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். அண்ணாச்சி ஊரில் இல்லை. கடையைக் கைமாற்றிவிட்டுப் போனவர் எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் யாரிடம் எதைச் சொன்னார், இதைச் சொல்ல?

அவருடையது மின்விசிறி, மிக்ஸி, ஒயர், சுவிட்ச் விற்கிற கடை. கல்லாவுக்குப் பின்னால் அரைக்கைச் சட்டையும் பையில் டெஸ்டருமாக உட்கார்ந்திருப்பார். கடைக்குப் புதிதாக வந்தவர்கள் வாசலில் நின்று "அண்ணாச்சி" என்பார்கள். பதில் இருக்காது. மறுபடி "அண்ணாச்சி" என்பார்கள். பதில் இருக்காது. சிலர் செவிடு என்று நினைத்து ஜாடையில் பல்பு கேட்பார்கள். சிலர் திமிர் என்று நினைத்து அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றாவது தடவை கூப்பிடுவார்கள். அப்போதுதான் தலையைத் தூக்கி, கூப்பிட்டவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "சொல்லும்" என்பார்.

பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது, மூன்றாவது கூப்பிடுதலுக்குத்தான் குரல் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. அநேகமாக எல்லோரும் விட்டுவிட்ட பழக்கம். அண்ணாச்சி ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகிறவர். அவருக்கு ஏன் பேய் பயம்?

கேட்டேன். "அண்ணாச்சி, ஆண்டவரே வந்து கூப்பிட்டாலும் மூணு தடவை கூப்பிடணுமா?"

"அவரு கூப்பிட்டா எனக்குத் தெரியும்வே. மத்தவன் கூப்பிடும்போதுதான் யாருன்னு பாக்கணும்."

செல்போன் வந்த பிறகு இது இன்னும் வேடிக்கையானது. மணி அடித்தால் எடுப்பார். காதில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். "ஹலோ" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கடன் வேண்டுமா என்று கேட்க ஒரு பெண் போன் செய்தது. ஹலோ, ஹலோ சார், ஹலோ என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் அழுகிற குரலில், "சார், நீங்க யாரு சார்?" என்று அதுவே கேட்டுவிட்டு வைத்துவிட்டது.

இன்றும் எப்போதாவது அவருடைய பழைய நம்பருக்குப் போட்டுப் பார்ப்பேன். மணி போகும். எடுக்கப்படும். அதற்குப் பிறகு ஒன்றுமே இருக்காது. நான் கொஞ்ச நேரம் பேசுவேன், ஊர் விசேஷம், கரண்டு கட்டு, என் முழங்கால் வலி. அவர்தான் எடுத்தாரா, நம்பர் வேறு யாருக்காவது போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. நடுவில் முதுகு சில்லென்று ஆகி, நானே வைத்துவிடுவேன்.

எப்படி எங்களுக்கு ஒத்துப்போனது என்று கேட்பீர்கள். சங்கரன்கோவிலிலேயே அதிகம் சத்தம் போடுகிறவன் நான். கொஞ்சமும் போடாதவர் அவர். மூன்று தடவை இல்லை, முப்பது தடவை கூப்பிட்டாலும் ரோஷப்படாதவன் ஊரில் நான் ஒருவன்தான் என்பதால் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஒரு பழைய ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். பாட்டு வருகிற இடத்தில் நிறுத்த மாட்டார். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 'உஷ்' என்று இரைகிறதே, அங்கே நிறுத்துவார்.

"இதுல என்னத்த அண்ணாச்சி கேக்கிய?"

"இதுக்குள்ள எவனாவது இருக்கானான்னு பாக்கேன்."

"இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். நான் இருக்கது அவனுக்குத் தெரியாண்டாம்."

மனைவி தவறிப்போய் வெகு காலம். ஜெபா என்று ஒரே மகன். பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கடையிலேயே இருந்தான். அப்பாவின் அச்சு. அவனும் லேசில் வாயைத் திறக்க மாட்டான். இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கரண்டு போன வீட்டில் இரண்டு சுவிட்ச் போர்டு மாதிரி இருக்கும்.

விசைத்தறிக் கூடத்துக்கு மோட்டார் பார்க்கப் போன இடத்தில் பையனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டது. வேறு சாதி, வேறு சாமி. ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் சொன்னான். அவர் பதில் சொல்லவில்லை. கோபம் கிடையாது என்று நான் சத்தியம் பண்ணுவேன். யோசித்துக்கொண்டிருந்தார். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றாகத்தான் அவருக்கு யோசனை போகும். பையனுக்கு அது புரிந்திருக்கும். ஆனால் பெண் வீட்டில் அதற்குள் விஷயம் தெரிந்து அடிதடியாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் பையன் தோள்பையோடு வந்து கடை வாசலில் நின்றான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அண்ணாச்சி முதுகைக் காட்டிக்கொண்டு ரேடியோவின் முன்னால். நான் என் கடை வாசலில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா," என்றான்.

தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கோவில் நடை சாத்தியிருந்தார்கள்.

"அப்பா."

மூன்றாவதுக்காக நானும் காத்திருந்தேன். உள்ளே அவரும் காத்திருந்தார். ரேடியோவின் இரைச்சலை அவர் குறைத்தது எனக்குக் கேட்டது. திரும்புவதற்காகத் தோள்கூட அசைந்தது. பையன் என்னைப் பார்த்தான். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்துவிட்டான். நான் ஒயரை எறிந்துவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போவதற்குள் எந்த பஸ்ஸோ அவனைக் கொண்டுபோய்விட்டது.

அப்பாவின் வழக்கம் இந்த ஊரிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்னும் ஒரு தடவை போதும் என்று தெரிந்தே இரண்டோடு நிறுத்தினானா, இல்லை மூன்றாவதுக்கு அவனிடம் தெம்பு இல்லையா? 

திரும்பி வந்தபோது அண்ணாச்சி தெருவில் நின்றிருந்தார்.

"ரெண்டு தடவைதானேவே கூப்பிட்டான்?" என்றார். ஏதோ கொள்முதலில் சரக்குக் குறைந்துவிட்ட மாதிரி.

ஏழெட்டு மாதம் எந்தத் தகவலும் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அண்ணாச்சி எடுத்தார். வழக்கம்போல் பேசவில்லை. அந்தப் பக்கமும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வைத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் அதே நேரம், அதே நம்பர், அதே மௌனம்.

"யாரு அண்ணாச்சி?"

"ஜெபா."

"பேசுனானா?"

"பேசுனா ஜெபாவா இருக்க மாட்டாம்லா."

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் வந்தது. நான் பக்கத்தில் இருந்தால் விரட்டிவிடுவார். "உம்ம இருமல் லைன்ல போயிரும்வே, வெளிய போரும்." பேசி முடித்ததும், அதாவது பேசாமல் முடித்ததும், கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுவார். அந்தப் பக்கத்துச் சத்தங்களைத்தான். "ஃபேன் ஓடுது. பேரிங் போயிருக்கு. எத்தனை வீட்டுக்கு நல்ல ஃபேன் பாத்துக் குடுத்திருக்கேன், எம்மவன் வீட்டு ஃபேனு முக்குது பாரும்." இன்னொரு வாரம்: "குக்கர் விசிலு. அந்தப் பிள்ளை கூடத்தான் இருக்கா." அந்த ஊர் எது என்று அவருக்குத் தெரியாது, தெருவில் விற்றுக்கொண்டு போகிறவன் தமிழில் கத்தவில்லை என்பது மட்டும் தெரியும். ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தவர் டீ வாங்கிக் கொடுத்தார். பன்னும். எனக்குப் பயமாகிவிட்டது.

"வீட்ல ஆளு கூடியிருக்கு," என்றார். "பூனை மாதிரி கத்துது. ஆணா பொண்ணான்னு தெரியல."

"அண்ணாச்சி, ஒரே ஒரு ஹலோ சொன்னா அவனே சொல்லிருவாம்லா."

"நான் வாயைத் திறந்தா அவன் வச்சிருவான். இப்பமாவது மூச்சு கேக்கு."

என் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு முனையிலும் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு மைக்கை யாரும் மாட்டவில்லை. இதை அவரிடமே சொன்னேன். அப்போதுதான் அவர் விரலால் மேலே காட்டினார்.

"அங்கனயும் அப்படித்தாம்வே. எல்லாரும் கேட்டுக்கிட்டுதான் இருக்கான்."

இது என் மொட்டை மாடி மாநாடு நடந்து கொஞ்ச நாளைக்குப் பிறகு. அவர் பிளக்கைப் பிடுங்கியதற்கான காரணம் எனக்கு முழுக்கப் புரிந்தது அடுத்த சித்திரையில்தான்.

குருவிகுளம் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து ஒரு சின்னக் குழாய், பேட்டரி, மெமரி கார்டு போடுகிற பெட்டி, மூன்றையும் வாடகைக்கு எடுத்துப் போனார்கள். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு என்றார்கள். கொடைக்கு இத்தனூண்டு குழாய் எப்படிப் போதும் என்று கேட்கிற புத்தி எனக்கு வரவில்லை. சொன்ன நாளில் திருப்பித் தரவில்லை. அண்ணாச்சிக்கு அந்தப் பக்கம்தான் பிறந்த ஊர், பாதை தெரியும் என்று அவரை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு தேடிப் போனேன்.

இளையரசனேந்தல் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் வண்டி இறங்கியது. அறுப்பு முடிந்து நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டின தூரம் வரை மனுஷ வாடை இல்லை. நடுவில் எங்கேயோ கௌதாரி கூவுகிற சத்தம். ஒன்றுதான். விடாமல். கிட்டப் போகப்போக எனக்கு என்னவோ தெரிந்த குரல் மாதிரி இருந்தது. என் குழாய்! நான் அன்று காக்கிச் சட்டை போட்டிருந்தேன். தூரத்தில் என்னைப் பார்த்ததும் ஃபாரஸ்டுக்காரன் என்று நினைத்து இரண்டு பேர் போட்டது போட்டபடி பைக்கில் பறந்தார்கள். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து யாராவது பயந்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு வேலிக்கருவை நிழலில் குழாய் தன்பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தரையோடு தரையாக நைலான் கண்ணி. நாலைந்து இறகு. நான் அணைக்கப் போனேன்.

"நில்லும்," என்றார் அண்ணாச்சி. முகம் வெளிறியிருந்தது. "கேளும்."

கேட்டேன். குழாய் கூவியது. நிறுத்தியது. மறுபடி கூவியது. அந்தப் பொட்டைவெளியில் அதற்கு ஒரு பதில் இல்லை.

"ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. இங்கன கவுதாரியே கிடையாது போல."

அவர் கண்ணியை மிதிக்காமல் குத்தவைத்து உட்கார்ந்தார். "எங்கப்பா கவுதாரி பிடிப்பாரு. ஒரு சேவலைப் பழக்கி, கூண்டுல வச்சித் தூக்கிட்டுப் போவாரு. காட்டுல இறக்கி வச்சா அது கூவும். இது என் எடம்னு அர்த்தம். அங்கன இருக்க சேவலுக்கு ரோசம் வந்திரும். பதிலுக்குக் கூவிக்கிட்டே சண்டைக்கு வரும். சுத்திலும் கண்ணி."

"பொறவு?"

"பொறவென்ன, குழம்பு. ரொம்ப வருசம் பிடிச்சாரு. கடைசில எங்க காட்டுல என்ன கூவுனாலும் பதிலே வரல. கவுதாரி அத்துப்போச்சுன்னு கண்ணிய எறவானத்துல சொருகிட்டாரு. நான் ஆடு பத்திக்கிட்டுப் போவேன். காலடில இருந்து கிளம்பும்வே! கூட்டம் கூட்டமா. அத்துப்போகல. பதில் சொன்னதுதான் அத்துப்போச்சு. வாய மூடிக்கிட்டுக் கெடந்தது பூராம் பொழச்சு, அதுமாதிரியே குஞ்சு பொரிச்சுது."

நான் குழாயை அணைத்தேன். அந்த அமைதியில் என் காது குப்பென்று அடைத்துக்கொண்டது. பேட்டரியைத் தூக்கக் குனிந்தபோது என் கைக்குப் பக்கத்திலேயே, காய்ந்த பருத்திமார்க் குச்சிகளுக்குள்ளிருந்து ஒரு கௌதாரி படபடவென்று எழும்பிப் போனது. நான் அலறியதில் வாடகைச் சாமான் கீழே விழுந்தது. இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நாங்கள் வந்ததையும் உட்கார்ந்ததையும் பேசினதையும் கேட்டுக்கொண்டு.

"பாத்தீரா," என்றார் அண்ணாச்சி. "மேல ஆளு இல்லாம இல்லவே. இருக்கு. பதில் சொன்னவன் எவனும் மிச்சம் இல்ல."

அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, கூண்டுல இருந்துச்சே உங்கப்பா வச்சிருந்த கவுதாரி. அதுக்குக் கண்ணியும் தெரியாது, குழம்பும் தெரியாது. அதுபாட்டுக்குக் கூவிக்கிட்டே கெடந்திருக்கு. அதுக்கு யாரு பதில் சொன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. சங்கரன்கோவில் வந்து சேர்ந்தோம். இறங்கும்போது, "வாற ஞாயித்துக்கிழமை பேசிருதேன்," என்றார்.

அந்த ஞாயிறு நான் வெளியில் காத்திருந்தேன். போன் மணி அடித்தது. உள்ளே அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. ஷட்டருக்கு அடியில் எட்டிப் பார்த்தேன்.

"இருமுதான்வே," என்றார். "எடுத்ததுலேருந்து ஒரே இருமல். முடிக்கட்டும்னு பாத்தேன். வச்சிட்டான்."

அடுத்த வாரமும் இருமல். சளி என்றார். அதற்கடுத்த வாரம் இருமலுக்கு நடுவில் மூச்சு இழுக்கிற சத்தம். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கப் பெயர் கூப்பிடுவது போல ஒன்று. பிறகு ஒரு ஞாயிறு என்னை உள்ளே வரச் சொன்னார், தனியாக இருக்கப் பயந்த மாதிரி. எனக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் 'டிக்... டிக்...' என்று விட்டுவிட்டு அடித்தது. அதற்குப் பின்னால் மூச்சு. மூச்சு என்றும் சொல்ல முடியாது.

நான் அண்ணாச்சியின் கையைப் பார்த்தேன். செல்போனின் அடியில் சின்னதாக ஒரு துளை இருக்கும். நாம் பேசுவது அதன் வழியாகத்தான் போகும். அவருடைய கட்டைவிரல் அந்தத் துளையின் மேல் அழுந்தியிருந்தது. நகம் வெளுக்கிற அளவுக்கு.

போன் அடங்கியதும் கேட்டேன். "அண்ணாச்சி, இது மொதல்லேருந்தே இப்படித்தானா?"

"எது?"

"விரலு."

"ஆமா. இங்கத்த சத்தம் எதுக்கு அங்கன போகணும்?"

"அப்பம் உங்க மூச்சுகூட அவனுக்குப் போகலையா? இத்தனை நாளும்? இந்தப் பக்கம் ஆளு இருக்கா இல்லையான்னே அவனுக்குத் தெரிஞ்சிருக்காதே!"

அவர் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். "எடுக்கேம்லா?" என்றார் மெதுவாக. "எடுத்தா இருக்கேன்னுதானே அர்த்தம்?"

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அண்ணாச்சி ரேடியோவைத் தொடுவதை நிறுத்திவிட்டார். மத்தியானம் ஷட்டரை முழுக்கத் திறந்துவைத்து, போனை மடியில் போட்டுக்கொண்டு வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வாசலில் யார் நின்றாலும், கூப்பிடுவதற்கு முன்பே, "சொல்லும், சொல்லும்" என்பார். பல்பு வாங்க வந்தவர்கள் மிரண்டு போனார்கள்.

"நாமளா போட்டுப் பாப்பம் அண்ணாச்சி," என்று தினமும் நச்சரித்தேன். தலையை ஆட்டுவார், இல்லை என்கிறாரா ஆகட்டும் என்கிறாரா என்று தெரியாது. ஒரு நாள், ஞாயிறுகூட இல்லை, காலையில் கடை திறந்தவுடன் என்னிடம் வந்தார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். போனை நீட்டினார். திரையில் அந்த நம்பர்.

"நீர் போடும்வே. உமக்குத்தான் கூச்சமே கிடையாதே."

ஆகாயத்தையே விருந்துக்குக் கூப்பிட்டவனுக்கு அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. அழுத்தினேன். மணி போக ஆரம்பித்தது. அண்ணாச்சி எனக்கு எதிரே நின்று, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெபா, அப்பா பேசுதேன்." மறுபடி, "ஜெபா, அப்பாதான்." எது நன்றாக இருக்கும் என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

எடுத்தார்கள். அந்தப் பக்கமும் யாரும் பேசவில்லை.

"ஹலோ," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "ஹலோ. ஜெபா வீடா? சங்கரன்கோவில்லேருந்து பேசுதேன். கடைக்குப் பக்கத்துல மைக் செட் வச்சிருக்கம்லா, நாந்தான். ஜெபா அப்பா இங்கனதான் நிக்காவ. அவன்கிட்ட பேசணும்ங்காவ. போனை அவிய கையில குடுக்கட்டுமா?"

அண்ணாச்சி அதற்குள் கையை நீட்டிவிட்டார். விரல்களை நன்றாக விரித்து, எதையும் மூடிவிடாதபடி.

ஜெபாவின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும், ஒரு பெண் குரல் கோபமே இல்லாமல், என் காதுக்குள் மட்டும் சொன்னது:

"இனிமே எதுக்கு?"